கதவு ஒண்ணு, வம்சம் வேற

கல்யாண வீட்டுல மூக்கைப் பார்த்தே "நீ இன்னார் பேரன்தானே"ன்னு கண்டுபிடிக்கிற பெரியம்மா ஒவ்வொரு குடும்பத்துலயும் ஒருத்தர் இருப்பாங்க. சிலந்திகளை வகைப்படுத்துறவங்களும் ரொம்ப காலமா அதே வேலையைத்தான் செஞ்சுட்டு இருந்தாங்க. மூக்குக்குப் பதிலா பல்லு, கால் முள்ளு, வயிறு. ட்ராப்டோர் சிலந்தி விஷயத்துல இந்தப் பெரியம்மா டெக்னிக் எப்படிச் சறுக்குச்சுன்னு கொஞ்ச நாளா தூக்கத்தைக் கெடுத்துப் படிச்சுட்டிருக்கேன். வீட்டுல திட்டு விழுது, அது வேற கதை :-)

தமிழ்ல கதவுச் சிலந்தின்னு வச்சுக்குவோம். இது நம்ம வீட்டு மூலைல இருக்கிற மாதிரி வலை கட்டித் தொங்காது. மண்ணுல குழி தோண்டி, உள்ள பட்டு மாதிரி நூலால மெழுகி, வாசலுக்கு மண்ணும் நூலும் கலந்து கீல் வச்ச ஒரு கதவு போடும். ராத்திரி கதவுக்குப் பின்னாடி உக்காந்திருக்கும். பூச்சி நடக்கிற அதிர்வு காலுக்குத் தெரிஞ்சதும் டபக்னு திறந்து, பிடிச்சு, உள்ள இழுத்துடும். ஆண் மட்டும் வயசுக்கு வந்ததும் ஜோடி தேடிக் கிளம்பிடும்.

சரி, கதவு வச்சதெல்லாம் ஒரே வம்சமா?

மலேசியா பத்துமலைல 272 படி ஏறி முருகனைக் கும்பிட்டவங்க நம்மள்ல நிறைய பேர் இருப்பீங்க. அதே மலைல இருட்டுக் குகைன்னு ஒண்ணு இருக்கு. அங்க லிபிஸ்டியஸ்னு ஒரு சிலந்தி, அதுவும் கதவு போட்டுத்தான் குடியிருக்கு. ஆனா அதோட வயித்து மேல வரிசையா தகடுகள் இருக்கும். மத்த சிலந்திகள்ல அநேகமா மறைஞ்சே போன பழைய அடையாளம் அது. இந்த வம்சம் மத்த எல்லாச் சிலந்திகளையும் விட்டுப் பிரிஞ்சு ஏறக்குறைய 30 கோடி வருஷம் ஆச்சு. அப்படின்னா ஆஸ்திரேலியாவுல இருக்கிற ஒரு கதவுச் சிலந்திக்கு, பத்துமலை கதவுச் சிலந்தியை விட நம்ம வீட்டு ஒட்டடைச் சிலந்தி கிட்டத்துச் சொந்தம்! இதைப் படிச்சப்ப எழுந்து ஒரு நடை நடந்துட்டு வந்தேன்.

லிபிஸ்டியஸ் தூரத்து ஆளு, விடுங்க. நெருங்கின கூட்டத்துக்குள்ளயும் இதே குழப்பம்தான். டெனிசிடேன்னு ஒரு குடும்பத்துல கதவு வச்ச பல சிலந்திகளை மொத்தமாப் போட்டு வச்சிருந்தாங்க. டிஎன்ஏ பார்த்தா ஒட்டலை. 2018-ல அதுலேர்ந்து ஆறு பேரினங்களைப் பிரிச்சு ஹாலோனோப்ராக்டிடேன்னு தனிக்குடித்தனம் வச்சாங்க. 2020-ல இன்னும் பிரிஞ்சுது. பாகப்பிரிவினை கேஸ் மாதிரி போய்ட்டே இருக்கு.

பேரை மாத்தினா சிலந்திக்கு என்ன வந்துச்சுன்னு கேப்பீங்க. மேற்கு ஆஸ்திரேலியாவுல பார்பரா யார்க் மெய்ன்கிற அம்மா 1974-ல ஒரு சின்ன காப்புக்காட்டுல கதவுச் சிலந்திகளுக்கு நம்பர் போட்டுக் கவனிக்க ஆரம்பிச்சாங்க. அதுல 16-ம் நம்பர் பொண்ணு 43 வருஷம் ஒரே குழியில வாழ்ந்துச்சு. 2016-ல போய்ப் பார்த்தா கதவுல ஓட்டை, உள்ள ஆளில்லை. குளவி வேலைதான்னு முடிவு பண்ணாங்க. உலகத்துல பதிவானதுலயே அதிக வயசு வாழ்ந்த சிலந்தி, பக்கத்துக் குழிக்குக் கூட குடி மாறலை.

இப்படி நகராத பிராணி இருக்கிற ஊர், கோதுமைக்காகக் காட்டை அழிச்சு மிச்சம் துண்டு துண்டா நிக்கிற ஊர். அங்க இடியோசோமா நைக்ரம்னு இன்னொரு கதவுச் சிலந்தி, சட்டப் பாதுகாப்புப் பட்டியல்ல இருக்கு. 2018-ல மைக்கேல் ரிக்ஸும் கூட்டாளிகளும் உருவம், மரபணு ரெண்டையும் சேர்த்து அந்தக் கூட்டத்தை அலசி 15 புது இனங்களுக்குப் பேர் வச்சாங்க. அதுவரைக்கும் நைக்ரம்னே எண்ணிட்டிருந்த சிலதும் அதுல அடக்கம்.

எல்லாம் ஒரே இனம்னு நெனச்ச வரைக்கும், ஒரு துண்டுக் காட்டை உழுதுட்டு "அதான் அந்தப் பக்கம் இருக்கே"ன்னு அடுத்த துண்டைக் கை காட்டிடலாம். அந்தப் பக்கம் இருக்கிறது வேற சிலந்தி.