கேட்காத வாழ்த்து

மயிலாப்பூரில், கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒரு பழைய அடுக்குமாடி வீடு. அங்கே வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கிளாக்கோமா அவருடைய பார்வையின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டுவிட்டது. மணி கேட்க, மகனைக் கூப்பிட, கண் சொட்டு மருந்துக்கு அலாரம் வைக்க, எல்லாவற்றுக்கும் கைப்பேசியின் குரல் உதவியாளர்தான். 2025 ஆடி மாதத்தில் அவருடைய கணவர் காலமானார். அந்த வீட்டுக்கு அடிக்கடி போய்வரும் குடும்ப நண்பர் ஒருவர் எழுதிவைத்த நாட்குறிப்பிலிருந்து எடுத்துத் தொகுத்தவை இவை.

2025 செப்டம்பர் 21, ஞாயிறு. மயிலாப்பூர்

மகாளய அமாவாசை. விடிவதற்கு முன்பே குளத்தங்கரையில் தர்ப்பணக் கூட்டம். மாட வீதியில் எள், தர்ப்பை, வாழைக்காய் வியாபாரம். வீட்டுக்குள் ஆசிரியை கைப்பேசியிடம் மணி கேட்டார். மணியைச் சொன்ன குரல் அதோடு நிற்கவில்லை. நவராத்திரி நெருங்கிவிட்டதாம், கொலு வைக்க யோசனைகள் சொல்லட்டுமா என்று உற்சாகமாகக் கேட்டது. அவர் பதில் சொல்லாமல் கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

அந்த வீட்டில் இந்த ஆண்டு கொலு இல்லை. பொம்மைப் பெட்டி பரணிலிருந்து இறங்காது. ஒருவர் இறந்தால் ஓராண்டுக்குப் பண்டிகை கொண்டாடாத வழக்கம் தமிழ்நாட்டில் பல வீடுகளில் உண்டு. தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி அடுப்பேறாது, பொங்கலுக்குப் புதுப்பானை வராது. வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள வாருங்கள் என்று அக்கம்பக்கத்தார் வந்து அழைக்க மாட்டார்கள். அழைக்காமல் இருப்பதுதான் அவர்கள் காட்டும் மரியாதை. துக்கம் விசாரிக்க வந்தவர் புறப்படும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்வதில்லை. பேசாமல் எழுந்து போய்விடுவார்.

எதைச் சொல்லலாம் என்பதைப் போலவே, எதை எந்த வீட்டில் சொல்லக்கூடாது என்பதும் நம் ஊரில் பேச்சின் பாதி. தினமும் வாசலுக்கு வரும் பூக்காரம்மா ஒவ்வொரு ஆண்டும், "டீச்சரம்மா, கொலுவுக்கு எத்தனை முழம்?" என்று கேட்பவர். இந்த ஆண்டு கேட்கவில்லை. சாமி படத்துக்கு வழக்கமான ஒரு முழத்தை அளந்து கொடுத்துவிட்டு நடந்தார்.

செப்டம்பர் 27, சனி. தி.நகர்

கைப்பேசியின் வாயை அடக்க வழி கேட்டு, குறிப்பெழுதுபவர் உஸ்மான் சாலைப் பக்கம் ஒரு செல்போன் பழுதுபார்க்கும் கடைக்குப் போனார். பண்டிகைக் கூட்டம் ரங்கநாதன் தெருவிலிருந்து சாலைவரை வழிந்தது. கடைப் பையன் திரையை அங்கும் இங்கும் தள்ளிப் பார்த்தான். அறிவிப்புகளை நிறுத்தலாம், குரலை மொத்தமாக அணைக்கலாம். பதிலை மட்டும் சொல், மற்றதைச் சொல்லாதே என்று ஒரே இடத்தில் சொல்லிவைக்கும் பொத்தான் அவன் கண்ணில் படவில்லை. "சார், அது ஆட்டோமேட்டிக்கா வர்றது" என்றான்.

அது தானாக வருவதில்லை. உபரிப் பேச்சுக்குப் பின்னால் பெரும்பாலும் யாரோ ஒருவரின் திட்டம் இருக்கிறது. 2017 மார்ச்சில் அமெரிக்காவில் கூகுள் ஹோம் ஒலிபெருக்கியிடம் அன்றைய நாளைப் பற்றிக் கேட்டவர்களுக்கு, வானிலையோடும் போக்குவரத்தோடும் சேர்த்து, டிஸ்னியின் 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' படம் வெளியாகிறது என்ற தகவலும் வந்து விழுந்தது. இது விளம்பரம் என்று மக்கள் கொதித்தார்கள். விளம்பரம் இல்லை என்றது கூகுள். ஆனாலும் அந்த வாக்கியம் எடுக்கப்பட்டது. அமேசானின் அலெக்ஸா கேட்ட வேலையை முடித்துவிட்டு, "அப்புறம் ஒன்று" என்ற தோரணையில் தன்னால் வேறென்ன முடியும் என்று அடுக்கத் தொடங்கும் பழக்கத்தைப் பயனர்கள் பல ஆண்டுகளாகக் குறைசொல்லி வருகிறார்கள்.

குரல் உதவியாளர் பேசப் பேசத்தான் மக்கள் அதைப் புதிய வேலைகளுக்குப் பயன்படுத்துவார்கள் என்பது நிறுவனங்களின் கணக்கு. திரையில்லாத கருவியில் பட்டியலைக் காட்ட முடியாது, வாயால் சொல்லித்தான் தெரியப்படுத்த வேண்டும். அந்தச் சிக்கல் உண்மையானது. ஆனால் அதைத் தீர்ப்பதற்கான நேரத்தைக் கேட்பவரின் காதிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள்.

திரும்பும் வழியில் பனகல் பார்க் அருகே ஒரு பழக்கடை. கியூ.ஆர். அட்டையில் பணம் செலுத்தியதும் கடைக்காரரின் சிறிய ஒலிப்பெட்டி தொகையைத் தமிழில் சொல்லிவிட்டு அடங்கியது. நெரிசலில் அந்தக் கடைக்காரருக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு செய்திதான். பணம் வந்ததா, எவ்வளவு? கைகள் ஆரஞ்சை எடைபோட்டுக்கொண்டிருக்க, காது கணக்கைப் பார்த்துக்கொண்டது. குரல் எவ்வளவு உதவும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

அக்டோபர் 20, திங்கள். மயிலாப்பூர்

தீபாவளி. அதிகாலையில் முதல் சரவெடி எங்கோ லஸ் பக்கம். ஆசிரியை விழித்துக்கொண்டு கைப்பேசியிடம் மணி கேட்டார். சொட்டு மருந்துக்கு நேரமாகிவிட்டதா என்று தெரியவேண்டும், அவ்வளவுதான். மணியோடு தீபாவளி வாழ்த்தும் வந்தது. குடும்பத்தோடு மகிழ்ந்திருங்கள் என்றது குரல்.

ஐம்பது ஆண்டுகளாக அந்த வீட்டில் தீபாவளி விடியலில் முதலில் எழுந்து தலையில் எண்ணெய் வைத்து விடுபவர் அவருடைய கணவர். அந்த நாளில் யாரும் வாழ்த்துச் சொல்லிவிடக் கூடாது என்று உறவினர்கள் தொலைபேசியைக்கூடத் தவிர்த்திருந்தார்கள். அன்று அவர் கேட்ட ஒரே தீபாவளி வாழ்த்து, அவரைப் பற்றி ஒன்றும் அறியாத குரலிடமிருந்து வந்தது. மருமகள் எழுந்து வந்தபோது அவர் சொன்னது இதுதான்: "அது தப்பா ஒண்ணும் சொல்லலடி. ஆனா எங்கிட்ட சொல்லியிருக்க வேண்டாம்."

இப்படி ஒரு காயம் பத்தாண்டுக்கு முன்பே உலகறியப் பதிவானது. அமெரிக்க வலை வடிவமைப்பு எழுத்தாளர் எரிக் மேயரின் மகள் ரெபெக்கா 2014 ஜூனில், ஆறாவது பிறந்தநாளன்று, மூளைப் புற்றுநோயால் இறந்தாள். அந்த டிசம்பரில் ஃபேஸ்புக், 'உங்கள் ஆண்டு இப்படி இருந்தது' என்று அவர் மகளின் படத்தை எடுத்து, சுற்றிலும் ஆடிப்பாடும் உருவங்கள் வரைந்து, அவர் முன்னால் நீட்டியது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்று மேயரே எழுதினார். அந்த நிரல் பெரும்பாலோருக்கு நல்லபடியாகவே வேலைசெய்தது என்றும், துயரத்தில் இருப்பவரை நினைத்துப் பார்க்காமல் அதைக் கட்டியதுதான் குறை என்றும் விளக்கினார். ஃபேஸ்புக் மன்னிப்புக் கேட்டது. அடுத்த ஆண்டில், பழைய நினைவுகளைக் காட்டும் பகுதியில் குறிப்பிட்ட ஆட்களையும் தேதிகளையும் விலக்கிவைக்க வழி வந்தது.

2019இல் பிரிட்டனின் பூ விற்பனை நிறுவனமான புளூம் அண்ட் வைல்ட் இன்னொரு வழியைக் காட்டியது. அன்னையர் தின மின்னஞ்சல் வேண்டாம் என்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று வாடிக்கையாளர்களிடம் கேட்டது. தாயை இழந்தவர்களும் பிள்ளையை இழந்தவர்களும் நன்றி தெரிவித்தார்கள். பிறகு வேறு பல நிறுவனங்களும் அதைப் பின்பற்றின. பூ விற்பவருக்குச் சாத்தியமானது கைப்பேசி செய்பவருக்கும் சாத்தியமே.

நவம்பர் 8, சனி. அடையாறு

காந்தி நகரில் பார்வையற்றோருக்குக் கணினி சொல்லித்தரும் இளைஞர் ஒருவரைச் சந்திக்க நேர்ந்தது. அவரும் பார்வையற்றவர். கைப்பேசித் திரையை வாசித்துச் சொல்லும் குரலை அவர் வைத்திருந்த வேகத்தில் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. மழைத்தூறல் மாதிரி இருந்தது. அவருக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவு.

"கண்ணால படிக்கிறவங்க வேண்டாத வரியைத் தாண்டிப் போயிடுவாங்க சார். காதால தாண்ட முடியாது. ஒண்ணு முடிஞ்சாத்தான் அடுத்தது" என்றார்.

இந்தப் பிரச்சினையின் மையம் அந்த மூன்று வாக்கியங்களில் இருக்கிறது. திரையில் ஓரத்தில் தெரியும் வாழ்த்துப் படம் கண்ணில் பட்டும் படாமலும் போகும். குரலில் வரும் வாழ்த்து ஒலித்து முடியவேண்டும், இல்லையென்றால் குறுக்கிட்டு நிறுத்தவேண்டும்; அதன்பிறகே அடுத்த கேள்வி. பார்வையுள்ளவருக்குச் சின்ன எரிச்சல். குரலையே நம்பி வாழ்பவருக்கு அது வழியில் கிடக்கும் கல், ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை.

பார்வையற்றோருக்கான மென்பொருளைச் செய்தவர்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டார்கள். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பானில் எதை வாசிக்கவேண்டும், எதை விடவேண்டும் என்று பயனரே ஒவ்வொன்றாகத் தீர்மானிக்கலாம். ஆண்ட்ராய்டு கைப்பேசியின் டாக்பேக் திரைவாசிப்பானிலும் எவ்வளவு பேசவேண்டும் என்பதற்குத் தனி அமைப்பு உண்டு. கரனும் அவரோடு சேர்ந்து உழைத்த ஜேம்ஸ் டெவும் பார்வையற்றவர்கள். அதனால் அந்த அக்கறை முதல் நாளிலேயே உள்ளே வந்துவிட்டது.

அடையாற்றுக்கு அருகிலேயே இருக்கும் ஐ.ஐ.டி. மெட்ராஸில் பேராசிரியர் ஹேமா மூர்த்தியின் குழு தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் எழுத்தைப் பேச்சாக்கும் தொழில்நுட்பத்தில் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறது. கூகுளின் குரல் உதவியாளரான அசிஸ்டென்ட் 2019இல் தமிழுக்கு வந்தது. 2024 ஜூனில் அதே நிறுவனத்தின் ஜெமினி செயலி தமிழ் உட்பட ஒன்பது இந்திய மொழிகளோடு இந்தியாவுக்கு வந்தது. இயந்திரம் தமிழில் பேசவேண்டும் என்ற நெடுநாள் ஆசை நிறைவேறிவருகிறது. தமிழில் எங்கே பேசக்கூடாது என்பதையும் சேர்த்துக் கற்றால்தான் அந்த வேலை முழுமையாகும்.

டிசம்பர் 3, புதன். மயிலாப்பூர்

திருக்கார்த்திகை. மாடிப்படி முழுவதும் அகல் வரிசை. ஆசிரியை வீட்டு வாசலில் மட்டும் ஒரே விளக்கு. மகன் இரண்டு வாரம் முன்பு நாட்காட்டிச் செயலியில் பண்டிகைப் பட்டியலை நீக்கியிருந்தார். அதன்பின் வாழ்த்துகள் குறைந்திருக்கின்றன.

அந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் நாட்டுக்கு ஒன்றாகத் தொகுக்கப்படுகின்றன. இந்தியா என்று தேர்ந்தெடுத்தால் இந்தியா முழுமைக்கும் ஒரே பட்டியல். இங்கே நரகச் சதுர்த்தசியில் தீபாவளி, வடக்கே அமாவாசை இரவில் லட்சுமி பூஜை. சில ஆண்டுகளில் நாளே மாறிவிடும். கிருஷ்ண ஜயந்தி ஒரே தெருவில் இரண்டு வீடுகளில் இரண்டு நாளில் வரும். நாடு, மாநிலம், தெரு, வீடு என்று இறங்கிக்கொண்டே போகும் விஷயம் இது. பட்டியல் நாட்டோடு நின்றுவிடுகிறது.

அன்று மாலை பேச்சு செல்போன் அழைப்பொலிகளுக்குத் திரும்பியது. 2020 மார்ச்சில் கொரோனா எச்சரிக்கை இருமலோடு தொடங்கிய அழைப்பொலி யாருக்கும் மறந்திருக்காது. பிறகு சைபர் மோசடி எச்சரிக்கை அமிதாப் பச்சனின் குரலில், அழைப்புகளுக்கு முன்னால் வந்தது. 1930 என்ற புகார் எண் அவசியமான செய்தி. ஆனாலும் அவசரத்துக்கு ஆளைக் கூப்பிடுகிறவர் பல தடவை அதைக் கேட்கவேண்டியிருந்தது. நாடெங்கும் முணுமுணுப்பு எழ, 2025 ஜூன் இறுதியில் அந்த ஒலி நிறுத்தப்பட்டது. அவசியமான எச்சரிக்கைக்கே ஓர் எல்லை வேண்டியிருந்தது என்றால், கேட்காத கொலு யோசனைக்கு எல்லை வேண்டாமா?

வேண்டாத விற்பனை அழைப்புகளுக்கு இந்தியாவில் தடுப்பு உண்டு. 1909 என்ற எண்ணில் பதிந்துகொள்ளலாம், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகள் இருக்கின்றன. நம் கைப்பேசிக்குள்ளேயே குடியிருக்கும் குரலுக்கு அப்படி ஒரு பதிவேடு இல்லை.

2026 ஜனவரி 15, வியாழன். மயிலாப்பூர்

பொங்கல். நேற்றுக் காலை போகித் தீயின் புகை. வட மாநிலங்கள் சிலவற்றில் சங்கராந்தி நேற்றே முடிந்தது. இன்று அக்கம்பக்கத்தில் குக்கர்களும் வெண்கலப் பானைகளும் பொங்குகின்றன. கீழ்வீட்டுப் பெண் ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கலைக் கொண்டுவந்து சமையல் மேடையில் வைத்தார். "அம்மா, சூடு ஆறட்டும்" என்று மட்டும் சொன்னார். வேறு எதுவும் சொல்லவில்லை.

மருமகள் டிசம்பர் முழுக்க ஞாயிறுதோறும் உட்கார்ந்து கைப்பேசியைச் சரிசெய்திருக்கிறார். பரிந்துரைகள், குறிப்புகள், செய்திச் சுருக்கம் ஆகிய அறிவிப்புகளை ஒவ்வொன்றாக அணைத்தார். பண்டிகை நாட்காட்டியை மகன் ஏற்கெனவே எடுத்துவிட்டார். கணவரின் முகம் திடீரென்று வந்து நிற்காதபடி புகைப்பட நினைவூட்டலில் சில தேதிகளை மறைத்தார். ஐந்து வெவ்வேறு இடங்களில், ஆங்கிலப் பெயர்களோடு ஒளிந்திருந்த அமைப்புகள் அவை. பார்வை போன ஒருவரால் தனியாக இதைச் செய்திருக்கவே முடியாது.

கைப்பேசி செய்பவர்களிடம் வைக்கவேண்டிய கோரிக்கைகள் மூன்று. கேட்டதற்கு மட்டும் பதில் என்பதே பெட்டியைத் திறக்கும் நாளிலிருந்து இயல்பாக இருக்கட்டும், கூடுதல் பேச்சை விரும்புகிறவர் கேட்டுப் பெறட்டும். "வாழ்த்து வேண்டாம்" என்று தமிழில் ஒரு தடவை வாயால் சொன்னால், மறுபடி சொல்லும் தேவையில்லாமல் அது நிலைக்கட்டும். அந்த அமைப்பு எங்கே இருக்கிறது என்பதைத் தமிழிலேயே எழுதிவையுங்கள்.

பெற்றோருக்குக் கைப்பேசி வாங்கிக்கொடுத்திருக்கும் பிள்ளைகளிடமும் ஒன்று. இந்த வாரம் ஒரு மணி நேரம் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். அந்தக் குரல் அவர்களிடம் என்னென்ன பேசுகிறது என்று நீங்களும் கேளுங்கள். வேண்டாததை அவர்களிடமே கேட்டு அணைத்துக்கொடுங்கள். வீட்டில் துக்கம் நடந்திருந்தால் அடுத்த பண்டிகை வரும்வரை காத்திருக்காதீர்கள்.

இன்று காலை ஆசிரியை மணி கேட்டார். "ஐந்து பத்து" என்றது கைப்பேசி. அவர் எழுந்து சொட்டு மருந்தை எடுத்துக்கொண்டார்.