லீவே போடாத மனிதர்

ஜப்பானில் ஒஸாகா நகரத் தண்ணீர் இலாகாவில் 1920-களில் ஓர் இளைஞர் வேலை பார்த்தார். அப்பா சுரங்கக் கம்பெனி ஒன்றில் உத்தியோகம் பார்த்து ரிடையரானவர். பிள்ளைக்குக் கல்லூரிச் சம்பளம் கட்ட முடியவில்லை. அதனால் பகல் கல்லூரி மாலைக் கல்லூரியாயிற்று. பகல் பூராவும் ஆபீஸ். படித்தது ஆங்கில இலக்கியம். ஆங்கில இலக்கியம் படித்தால் என்ன ஆகும்? நாடகப் பைத்தியம் பிடிக்கும். பிடித்தது. ஒத்திகை, ஒத்திகை என்று ஆபீஸுக்கு மட்டம் போட ஆரம்பித்தார். எத்தனை நாள்தான் பொறுப்பார்கள்? வேலை போயிற்று.

அவர் பெயர் தகாஷி ஷிமுரா. (அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. சினிமாக்காரர்கள் எந்த ஊரிலும் சினிமாக்காரர்கள்தான்.) 1905, மார்ச் 12-ம் தேதி, வெள்ளிச் சுரங்கத்துக்குப் பேர்போன இகுனோ என்கிற ஊரில் பிறந்தவர்.

மட்டம் போட்டே வேலையைத் தொலைத்த இந்த ஆசாமி, 1952-ல் ஒரு படத்தில், ஏறத்தாழ முப்பது வருஷம் ஒருநாள்கூட லீவு போடாத முனிசிபல் அதிகாரியாக நடித்தார். ஆபீஸ் போகிறவர்களைப் பற்றி அதற்கு மேல் ஒரு படத்தை நான் பார்த்ததில்லை. அகிரா குரோசாவாவின் 'இகிரு'. 'வாழ்வது' என்று அர்த்தம்.

குரோசாவா என்றதும் நம் ஆட்கள் உடனே தோஷிரோ மிஃபுனே என்பார்கள். கத்தி, தாடி, உறுமல். நியாயம்தான். ஆனால் ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன், நான் பி.காம். ஆசாமி, கணக்கு சொல்லாமல் இருக்க முடியாது. குரோசாவா இயக்கிய படங்கள் 30. மிஃபுனே நடித்தவை 16. ஷிமுரா நடித்தவை 21. போஸ்டரில் யார் முகம் என்று கேட்காதீர்கள்.

வேலை போனபின் ஷிமுரா முழுநேர நாடகக்காரர் ஆனார். நாடகக் கம்பெனி நொடித்துப் போயிற்று. ரேடியோ நாடகம், ஊர் ஊராகச் சுற்றும் இன்னொரு குழு என்று அலைந்துவிட்டு 1932-ல் கியோட்டோவில் ஒரு ஸ்டூடியோவில் சேர்ந்தார். படத்தில் முகம் தெரிய 1934 ஆயிற்று. தடித்த உதடு, கனமான கன்னம். ஹீரோவாக யாரும் கூப்பிட மாட்டார்கள், கூப்பிடவும் இல்லை. போலீஸ்காரர், சாமுராய், கடைக்காரர் என்று வந்ததையெல்லாம் செய்தார். 1939-ல் ஒரு சரித்திரப் பாட்டுப் படத்தில் பாடினார். அதைக் கேட்டுவிட்டு ஒரு ரிக்கார்டு கம்பெனி 'பாடகராகவே வந்துவிடுங்கள்' என்று கூப்பிட்டதாகச் சொல்வார்கள். இந்தப் பாட்டு விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

1943-ல் குரோசாவா தன் முதல் படத்தில் அவரை வயதான ஜூஜுட்ஸு வாத்தியாராகப் போட்டார். அப்போது ஷிமுராவுக்கு 38. நம்மூரில் 38 வயதில் காலேஜ் வாசலில் டூயட் பாடிக்கொண்டிருப்பார்கள்.

இனிமேல்தான் எனக்கு வேண்டிய இடம். 1947-ல் ஒரு படம். பாங்கைக் கொள்ளையடித்துவிட்டுப் பனிமலையில் பதுங்கும் மூன்று பேர். ஒருவர் ஷிமுரா. இன்னொருவர் புதுப் பையன், முதல் படம், பெயர் மிஃபுனே. பதினைந்து வயது சின்னவர். அடுத்த வருஷம் 'குடிகார தேவதை'. இதில் ஷிமுராதான் தலைப்பில் வரும் ஆள்: சேரியில் வைத்தியம் பார்க்கிற, வாயைத் திறந்தால் திட்டுகிற, மருந்துக்கு வைத்திருக்கும் ஆல்கஹாலையே குடிக்கிற டாக்டர். மிஃபுனே அவரிடம் வரும் காசநோய்க்கார ரௌடி. கதைப்படி டாக்டர்தான் நடு நாயகம். படம் வந்தபோது எல்லார் கண்ணும் ரௌடி மேல். 'அந்தப் பையனை அடக்க முடியவில்லை, அடக்கவும் மனசில்லை' என்கிற தோரணையில் குரோசாவாவே பிற்பாடு தன் சுயசரிதையில் எழுதிவிட்டார்.

யோசித்துப் பாருங்கள். பதினாலு வருஷமாக ஸ்டூடியோ ஸ்டூடியோவாக உழைத்து, 43 வயதில் தலைப்பு ரோல் கிடைக்கிறது. நேற்று வந்த பையன் அதைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியும். எழுத வருவதற்கு முன்னால் ஒரு கம்பெனியில் (பெயர் வேண்டாம்) ஒன்பது வருஷம் அக்கவுண்ட்ஸ் பார்த்தேன். ஜி.எஸ்.டி. வந்த வருஷம் ஒரு பையன் சேர்ந்தான். எந்த பில்லை எந்தக் கணக்கில் போடுவது என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். மூன்றே வருஷம். அவன் எனக்கு மானேஜர். 'அண்ணா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் ஒரு திங்கட்கிழமை காலை 'ஸார்' என்றான். மரியாதை கூடியிருக்கிறது என்று சந்தோஷப்படவா முடியும்? ஆறு மாசம் அவன் கேபினைத் தாண்டாமல் சுற்று வழியாகப் பாத்ரூம் போனேன்.

ஷிமுரா சுற்று வழியில் போகவில்லை. மிஃபுனேவுக்கு அவரும் அவர் மனைவி மஸாகோவும் பெற்றவர்கள் மாதிரி என்று சொல்லும் அளவுக்கு இரண்டு பேரும் நெருங்கினார்கள். அடுத்த வருஷம் 'தெருநாய்' படத்தில் துப்பாக்கியைத் தொலைத்துவிட்டுத் தவிக்கும் இளம் போலீஸ்காரர் மிஃபுனே. அவரைக் கூட்டிக்கொண்டு அலையும் பழுத்த இன்ஸ்பெக்டர் ஷிமுரா. அந்தப் படத்தைப் பார்க்கும்போது ஷிமுராவின் காதைக் கவனியுங்கள் என்பேன். மனுஷர் காதால் நடிக்கிறார். எதிராளி பேசி முடிக்கும்வரை கேட்கிறார், அவ்வளவுதான். மிஃபுனே கொதிப்பது நமக்குத் தெரிவது, பக்கத்தில் கொதிக்காத ஒருத்தர் உட்கார்ந்திருப்பதால்.

1950-ல் 'ராஷோமோன்'. காட்டில் பிணத்தைப் பார்க்கும் விறகுவெட்டி இவர். வெனிஸில் தங்கச் சிங்கம் வாங்கிய படம். நம்ம வீணை எஸ். பாலசந்தர் அதைப் பார்த்த பாதிப்பில்தான் 1954-ல் 'அந்த நாள்' எடுத்தார். ஒரே சம்பவம், ஆளுக்கு ஒரு கதை. பாட்டே கிடையாது.

இப்போது 'இகிரு'. வதனாபே என்கிற செக்‌ஷன் தலைவர். படம் ஆரம்பிப்பதே அவர் வயிற்று எக்ஸ்ரேயில். அப்புறம் ஆபீஸ். மலை மலையாகக் காகிதம். அவர் முத்திரை குத்திக்கொண்டே இருக்கிறார். முத்திரையில் மை அப்பிக்கொள்கிறது. மேஜை அறையைத் திறந்து, தான் இளைஞனாக இருந்தபோது எழுதிய பழைய திட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, முத்திரையைத் துடைத்துவிட்டுக் குப்பைக் கூடையில் போடுகிறார். அது நிர்வாகத்தைச் சீர்திருத்துவதற்காக எழுதிய திட்டம்!

இந்த இடத்தை நான் செல்போனில் எங்கள் ஆபீஸ் கேஷியரிடம் காட்டினேன். ரிடையராக ஒன்றரை வருஷம் பாக்கி அவருக்கு. தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே பார்த்தார்.

"தம்பி, இன்னொரு வாட்டி போடு."

போட்டேன்.

"இது யாருப்பா?"

"ஜப்பான் நடிகர், ஸார். குணச்சித்திரம்."

"நடிகனா? நான் ஏதோ நெஜ ஆபீஸ்ல எடுத்ததுன்னு நெனச்சேன். அந்தத் தாளைக் கிழிக்கறான் பாரு, கண்ணு அதுல இல்லவே இல்ல. பழக்கம். கை தானா கிழிக்குது."

அப்புறம் ஊறுகாயைத் தேடினார். எனக்குத் தெரிந்து இதைவிடச் சிறந்த விமரிசனம் அந்தக் காட்சிக்கு யாரும் எழுதவில்லை.

வதனாபேக்கு வயிற்றில் புற்றுநோய். டாக்டர் சொல்லமாட்டார். ஆஸ்பத்திரியில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு வாயாடி, 'சாதாரணப் புண்தான், எதை வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்னால் தீர்ந்தது கதை' என்கிற ரீதியில் விலாவாரியாகப் பேசுகிறான். ஷிமுரா வாய் திறப்பதில்லை. நாற்காலியில் கொஞ்சம் கொஞ்சமாக விலகி விலகி உட்காருகிறார், ஏதோ அந்த ஆளிடமிருந்துதான் நோய் ஒட்டிக்கொள்ளும் போல. உள்ளே போனால் டாக்டர் அதே வார்த்தைகளைச் சொல்கிறார்.

அப்புறம் ஒரு ராத்திரி, குடிக்கிற இடத்தில், 'கோண்டோலா' என்கிற பழைய பாட்டைப் பாடுகிறார். ரிக்கார்டு கம்பெனி கூப்பிட்ட குரல் என்று சொன்னேனே, அந்தக் குரல் அதில் இல்லை. தொண்டைக்குள்ளிருந்து சன்னமாக, கரகரத்து, யாருக்கோ கேட்டுவிடுமோ என்று பயந்து பாடுகிற குரல். பாடத் தெரிந்தவர் பாடத் தெரியாதவராகப் பாடுவது எவ்வளவு கஷ்டம் என்று பாட்டுக்காரர்களிடம் கேளுங்கள்.

இந்த மனிதர் சாவதற்குள் ஒரு சாக்கடைக் குட்டையை மூடிக் குழந்தைகளுக்கு ஒரு பார்க் கட்டுகிறார். செக்‌ஷன் செக்‌ஷனாகப் போய், குனிந்து, காத்திருந்து, நகராமல் நின்று. ஆனால் குரோசாவா அதை நேராகக் காட்டுவதில்லை. படம் முடிய முக்கால் மணிக்கு மேல் இருக்கும்போதே ஹீரோவைக் கொன்றுவிடுகிறார்! மீதியெல்லாம் துக்க வீட்டில் உட்கார்ந்து குடிக்கும் சக ஊழியர்களின் வாய்வழியாக. பார்க்குக்கான பேரைத் துணை மேயர் தட்டிக்கொண்டு போயிருக்கிறார். போதை ஏற ஏற, 'இனி நாமும் அவர் மாதிரி உழைப்போம்' என்று அழுது சத்தியம் செய்கிறார்கள். மறுநாள் காலை ஆபீஸ் என்ன மாதிரி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் ஆபீஸ் போகிறவர்கள்தானே.

2022-ல் இங்கிலாந்துக்காரர்கள் இதை 'லிவிங்' என்று திரும்ப எடுத்தார்கள். பில் நை நடித்து ஆஸ்கார் பரிந்துரை வரை போனார். நல்ல நடிகர், நல்ல படம். ஆனால் பில் நையின் கோட்டு ரொம்ப நன்றாகத் தைத்திருந்தது. ஷிமுராவுக்கு எந்த உடுப்பும் பொருந்துவதில்லை, அதுதான் விசேஷம்.

சரி, 47 வயதில் இப்படி ஒரு வேஷம் செய்தாயிற்று. 1954-ல் இன்னும் இரண்டு. ஏப்ரலில் 'ஏழு சாமுராய்'. கிராமத்துக்காரர்கள் கொள்ளைக்காரர்களிடமிருந்து காப்பாற்றச் சொல்லிக் கெஞ்ச, ஒரு கிண்ணம் சோற்றைக் கையில் வாங்கிக்கொண்டு சம்மதிக்கிற தலைவர் கம்பெய். சம்பளம் சாப்பாடு மட்டும், போனஸ் கிடையாது. ஒரு குழந்தையைக் காப்பாற்ற சாமியார் வேஷம் போடுவதற்காகத் தலையை மழித்துக்கொள்கிறார். அதற்கப்புறம் படம் முழுக்க யோசிக்கும்போதெல்லாம் அந்த மொட்டைத் தலையைத் தடவிக்கொள்கிறார். மூன்றரை மணி நேரப் படம், நூற்றுக்கணக்கில் ஆட்கள், மழை, குதிரை, சேறு. எனக்கு ஞாபகம் இருப்பது அந்தத் தடவல்.

நவம்பரில் 'காட்ஸில்லா'. ஊரே அந்த மிருகத்தைக் கொல் கொல் என்கிறது. அணுகுண்டுக் கதிர்வீச்சைத் தாங்கிய ஜீவன், அதை ஆராய வேண்டும், கொல்லாதீர்கள் என்று தனியாகப் புலம்புகிற பேராசிரியர் இவர். ரப்பர் உடுப்பு போட்ட ஓர் ஆள் பொம்மை வீடுகளை மிதிப்பதை நாம் இன்றைக்கும் சிரிக்காமல் பார்க்கிறோம் என்றால், பாதிக் காரணம் ஷிமுராவின் முகம். அவர் நம்புகிறார். அதனால் நாமும்.

இதற்கு மேல் ஒரு குணச்சித்திர நடிகர் என்ன கேட்க முடியும்? இந்த உயரத்துக்குப் போனவர்கள் அப்புறம் சின்ன வேஷத்துக்கு வரமாட்டார்கள். கதை கேட்பார்கள், காட்சியை மாற்றச் சொல்வார்கள், மகனை அறிமுகப்படுத்தச் சொல்வார்கள். ஷிமுரா? 1957-ல் 'ரத்த சிம்மாசனம்', மிஃபுனே ராஜா, இவர் ஓரமாக நிற்கும் தளபதி. 1961 'யோஜிம்போ', மிஃபுனே ஊரையே கலக்குகிறார், இவர் சாக்கே மது காய்ச்சும் ஒரு முதலாளி. வாய் பிளந்து முழிக்கிற வேஷம். 1962-ல் 'சஞ்சுரோ', வில்லன் கோஷ்டியில் ஒருத்தர். 1963-ல் போலீஸ் அதிகாரி. எதிலும் பத்து நிமிஷம் தேறினால் அதிகம். நடுநடுவே ராட்சச அந்துப்பூச்சி, வேற்றுக் கிரகக்காரர்கள் எல்லாம் வருகிற படங்கள். மொத்தம் இருநூறுக்கு மேல்.

இது அவருக்கு வருத்தமாக இருந்திருக்குமா என்று நான் யோசித்திருக்கிறேன். அந்தச் சின்ன வேஷங்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். எங்கேயாவது 'நான் இகிரு ஷிமுராவாக்கும்' என்று ஒரு நொடியாவது நிமிர்ந்து பார்க்கிறாரா என்று தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. சாக்கே முதலாளி சாக்கே முதலாளியாகத்தான் முழிக்கிறார்.

1965-க்குப் பிறகு குரோசாவாவும் மிஃபுனேவும் சேர்ந்து படம் செய்யவில்லை. ஷிமுராவும் பதினைந்து வருஷம் குரோசாவா படத்தில் இல்லை. 1980-ல் 'ககெமுஷா'வுக்குக் கூப்பிட்டனுப்பினார் குரோசாவா. 75 வயதுக் கிழவர் வந்து ஒரு சின்ன வேஷம் செய்துவிட்டுப் போனார். வெளிநாடுகளுக்கு அனுப்பும்போது படம் நீளம் என்று சுமார் இருபது நிமிஷம் வெட்டினார்கள். வெட்டியதில் ஷிமுராவும் போய்விட்டார்! முழு வேஷமும் காலி. பிற்பாடு முழுப் படமும் டிஸ்க்கில் வந்தது. இப்போது பார்க்கலாம், இருக்கிறார்.

1982, பிப்ரவரி 11-ல், நுரையீரல் கோளாறில் இறந்துபோனார். வயது 76.

புதிதாகப் பார்ப்பவர்கள் 'இகிரு'விலிருந்து ஆரம்பியுங்கள். 143 நிமிஷம். கறுப்பு வெள்ளை என்று முகம் சுளிக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மட்டும் வேண்டாம். மறுநாள் ஆபீஸ் போக வேண்டுமே.