நிர்ப்பந்தமும் ஓர் உயிரும்

நைனார்பாளையத்தில் உறவினர் இல்லத் திண்ணையில், மஃரிப் தொழுகைக்குப் பின் அமர்ந்திருந்தோம். மரவள்ளிக் கிழங்கு லாரி ஓட்டும் எம் தங்கை மகன், நெடுநாள் நெஞ்சில் சுமந்த கேள்வியை அன்று இறக்கி வைத்தான்.

"மாமு, இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. எதிரே பள்ளிப் பிள்ளைகள் கூட்டம். வண்டியை ஒடித்தால் ஓரத்தில் ஒரு முதியவர். ஒடித்து, அவர் மவுத்தாகிவிட்டால் நான் கொலைகாரனா?"

எமக்கு உடனே விடை தோன்றவில்லை.

1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், 81-ஆம் பிரிவில், ஏறத்தாழ இதே நிலையைப் பேசியது. தன் தவறோ கவனக்குறைவோ இன்றி இக்கட்டில் சிக்கிய கப்பல் தலைவன், இருபது முப்பது பேர் உள்ள படகைக் காக்கத் திசை திருப்புகிறான். இருவர் உள்ள படகில் மோதும் அபாயம் உண்டு, தப்பவும் வாய்ப்புண்டு. மோதும் எண்ணம் அவனுக்கு இல்லை. அபாயமும் தவிர்க்க முடியாதது எனின், அவன் குற்றவாளி அல்லன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 19-ஆம் பிரிவாக இது நிலைத்திருக்கிறது.

ஆனால் இன்னொரு கடல் நிகழ்ச்சியும் உண்டு. 1884-இல் 'மிக்னொனெட்' என்னும் ஆங்கிலப் படகு மூழ்க, நால்வர் சிறு ஓடத்தில் தத்தளித்தனர். பசியும் தாகமும் முற்றவே, டட்லி, ஸ்டீபன்ஸ் இருவரும் துணிந்து, நோயுற்றுக் கிடந்த பார்க்கர் என்னும் 17 வயதுச் சிறுவனைக் கொன்றனர். அவன் உடலை உண்டு மூவர் பிழைத்தனர். நிர்ப்பந்தம் கொலைக்கு நியாயமாகாது என்றது நீதிமன்றம். மரண தண்டனை பின்னர் ஆறு மாதச் சிறையாகக் குறைக்கப்பட்டது. இரக்கம் தண்டனையைத் தளர்த்தியதேயன்றிக் குற்றத்தை அழிக்கவில்லை.

நம் ஃபிக்ஹு அறிஞர்களின் தீர்ப்பும் இதுவே. பட்டினியால் உயிர் போகும் நிலையில் விலக்கப்பட்ட உணவும் ஆகுமாகும். எனினும், "கொல், இல்லையேல் உன்னைக் கொல்வேன்" என ஒருவன் மிரட்டினாலும் குற்றமற்றவரைக் கொல்ல அனுமதி இல்லை. ஏனெனில் ஓர் உயிர் மற்றோர் உயிரைவிட மேலானதன்று. மிரட்டலுக்கு அஞ்சிச் செய்த கொலையை நாட்டின் சட்டமும் மன்னிப்பதில்லை.

அபாயத்தை விலக்க முயல்கையில் நேரும் இழப்பு வேறு. பிறர் உயிரையே தன் பிழைப்புக்கு விலையாக்குவது வேறு. இதை விளக்கியபோது மருமகன் நெடுநேரம் மௌனமாயிருந்தான்.

"தன் கவனக்குறைவு இல்லாமல் என்று சொன்னீர்களே, மாமு..." என்று மட்டும் கேட்டான்.

மறுநாள் ஃபஜ்ரு முடிந்து நாம் திரும்புகையில், டார்ச் விளக்குடன் அவன் லாரிக்கு அடியில் கிடந்தான். பிரேக்கைச் சோதித்துக்கொண்டிருந்தான்.