கூரை ஒழுகினால் முதலில் கோப்பைத் திறவுங்கள்



உங்கள் மஹல்லாவிலும் முன்னோர் வக்ஃபு செய்து சென்ற பழைய கட்டடம் ஒன்று இருக்கக்கூடும். மதரஸாவாகவோ, திருமண மண்டபமாகவோ, வழிப்போக்கர் தங்கிய முஸாபர்கானாவாகவோ இருக்கலாம். மழைக்காலம் வந்ததும் அதன் கூரையை அண்ணாந்து பார்த்து, “அரசு மானியம் வாங்கினால் என்ன?” என்று ஒருவர் கேட்பார். மற்றவர்கள் ஆமோதித்துத் தலையசைப்பார்கள். அத்துடன் அடுத்த மழை வரை அப்பேச்சு ஓய்ந்துவிடும்.

எங்கள் ஊர் மதரஸாவிலும் சில ஆண்டுகள் இப்படியே கழிந்தன. தேக்குத் தூலங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட பழைய மச்சு அது. ஓர் ஐப்பசி மழையில், பிள்ளைகள் அமர்ந்து ஓதும் இடத்தில் காரை பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. அன்று வெள்ளிக்கிழமை, விடுமுறை. அல்ஹம்துலில்லாஹ், ஒருவருக்கும் காயமில்லை.

மறுவாரம் ஜமாஅத் கூடியது. முழுவதையும் இடித்துவிட்டுக் கீழே கடைகளும் மேலே மண்டபமுமாகக் கட்டலாம் என்றனர் சிலர். கணக்கு எழுதும் பொறுப்பில் இருந்த நான், முதலில் ஒரு பொறியாளரை அழைத்துக் காட்டுவோம் என்றேன். அவர் தட்டிப் பார்த்துச் சொன்னது எல்லோருக்கும் வியப்பாக இருந்தது. தூலங்களில் இரண்டுதான் சுவரோரத்தில் உளுத்திருந்தன. மூல காரணம் மேல்தளத்து மழைநீர்த் தூம்பு அடைபட்டதே! போதாக்குறைக்கு, எப்போதோ ஒழுகலை நிறுத்துவதற்காக மேலே பூசிய சிமெண்டு, சுண்ணாம்புக்குள் புகுந்த ஈரத்தை வெளியேற விடாமல் அடைத்து வைத்திருந்தது. பழுது நீக்கும் செலவு, புதிதாகக் கட்டும் செலவில் ஐந்தில் ஒரு பங்கு கூட வரவில்லை.

அந்த மதிப்பீட்டை எடுத்துக்கொண்டு மானியம் கேட்கப் புறப்பட்டபோதுதான் உண்மை விளங்கிற்று. நம் மாநில அரசு பள்ளிவாசல், தர்கா முதலிய வக்ஃபு நிறுவனங்களின் பராமரிப்புக்கென வக்ஃபு வாரியத்தின் வழியே மானியம் வழங்கி வருகிறது. ஆனால் தேவை இருப்பவருக்கெல்லாம் அது கிடைத்துவிடுவதில்லை. ஆவணம் வைத்திருப்பவருக்கே கிடைக்கிறது. எங்கள் மதரஸாவின் சர்வே எண் வக்ஃபு அரசிதழில் இருந்தது. பட்டாவோ, மறைந்து பல்லாண்டுகளான ஒரு முத்தவல்லியின் சொந்தப் பெயரில் இருந்தது. அதை வக்ஃபின் பெயருக்கு மாற்றுவதற்கான நடைதான் மானிய முயற்சியிலேயே நீண்ட நடை. கூரை ஒழுகாத ஊர்க்காரர்களே, உங்கள் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது கணக்கு. 1995-ஆம் ஆண்டு வக்ஃபுச் சட்டத்தின்படி நிகர வருமானத்தில் 7 விழுக்காடு வரை வாரியத்துக்குப் பங்குத்தொகை செலுத்த வேண்டியிருந்தது. 2025-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வரம்பை 5 விழுக்காடாகக் குறைத்தது. அத்தொகையைப் பாக்கி வைத்துக்கொண்டு அதே வாரியத்திடம் மானியம் கேட்பது எவ்வளவு பொருந்தும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். 2025 ஜூனில் தொடங்கப்பட்ட மத்திய அரசின் ‘உம்மீத்’ தளத்தில் சொத்து விவரங்களைப் பதிவேற்றும் கடமையும் இப்போது சேர்ந்திருக்கிறது.

விண்ணப்பத்தில் எங்கள் கட்டடத்தின் பழம்பெருமையை இரண்டு பக்கம் எழுதித் தந்தார் ஒரு பெரியவர். மரியாதையோடு அதை வாங்கி வைத்துக்கொண்டு, எத்தனை பிள்ளைகள் ஓதுகின்றனர், எந்த அறை பூட்டிக் கிடக்கிறது, எந்தத் தூலத்துக்கு எவ்வளவு செலவு என்பதை மட்டும் நிழற்படங்களுடன் அனுப்பினோம். வந்து பார்த்த ஆய்வாளர் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டே சுற்றி வந்தார்.

மானியம் முழுவதும் முன்பணமாக வந்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். வேலை நடக்க நடக்கத் தவணையாக வரும். ஆகவே கொத்தனாருக்குக் கொடுக்க ஜமாஅத்தின் கையிருப்பு வேண்டும். இங்கே இரண்டு செய்திகளைச் சொல்லியாக வேண்டும். ஜகாத் பணத்தைக் கட்டடப் பழுதுக்குச் செலவிட மார்க்க அறிஞர்களில் பெரும்பான்மையோர் அனுமதிப்பதில்லை. அது ஏழைகள் முதலிய உரியவர்களைச் சேர வேண்டியது. அதனால் ‘லில்லாஹ்’ நன்கொடையாகவே கேட்டோம். எங்கள் தாய்மார்கள் பிடியரிசி சேர்த்து விற்றுத் தந்த பணமே முதல் தவணை வரும்வரை வேலையை நிற்காமல் காத்தது.

இரண்டாவது, கடல் கடந்த உறவினர் பணம். வளைகுடாவில் பணிபுரியும் இந்தியக் குடிமகன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவதில் தடையில்லை. மலேசியா, சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்பினால், அவர் நம் இரத்த உறவே ஆனாலும், 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இன்றி நிறுவனம் வாங்கலாகாது. பாசத்தோடு வந்த ஒரு காசோலையை நாங்கள் இக்காரணத்தால் திருப்பி அனுப்பினோம். அனுப்பியவருக்கு வருத்தந்தான், விளக்கி எழுதிய பின் ஏற்றுக்கொண்டார்.

நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி நிதியைப் பள்ளிவாசலுக்குக் கேட்டு அலைவோரும் உண்டு. வழிபாட்டுத் தலங்களுக்கு அந்நிதியைச் செலவிட விதிகளில் இடமில்லை. அந்த அலைச்சலை மிச்சப்படுத்திக்கொள்ளுங்கள்.

எங்கள் மச்சில் இரண்டு தூலங்களும் மாற்றப்பட்டுவிட்டன. சிமெண்டைச் சுரண்டியெடுத்து, சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த ஒரு முதிய கொத்தனாரைத் தேடிப் பிடித்துக் காரை போட்டோம். கடைசித் தவணைக்குரிய பயன்பாட்டுச் சான்று ரசீதுகளுடன் சென்றிருக்கிறது. பிள்ளைகள் பழைய இடத்திலேயே அமர்ந்து ஓதுகிறார்கள். தூம்பில் சேரும் சருகை அள்ளும் வேலை, மாதம் ஒரு வீட்டாருக்கு என்று முறை வைக்கப்பட்டுள்ளது. இம்மாதம் எங்கள் வீட்டு முறை.