வண்டி மாறும் ஊர்

எங்கள் ஊரைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: திண்டுக்கல்லில் வண்டி மாற வேண்டும். பழனிக்குப் போகிறவரும் மாறுவார், கொடைக்கானலுக்குப் போகிறவரும் மாறுவார். நடுவில் பிரியாணி சாப்பிட்டுக் கை கழுவுவதோடு சரி. சென்னையிலிருந்து வந்த என் சிநேகிதரும் அப்படித்தான் போயிருப்பார். கெட்ட வேளை, "உங்கள் ஊரில் பார்க்க என்னப்பா இருக்கிறது?" என்று கேட்டுவிட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பெட்டியை என் வீட்டில் வைக்கச் சொல்லி, மனிதரை மலைக்கோட்டைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

திண்டு போட்டது போல் கிடக்கும் ஒற்றைப் பாறை. நாயக்கர் காலத்துக் கோட்டை. 1755-ல் ஹைதர் அலி மைசூருக்காக இங்கே ஃபௌஜ்தாராக வந்தார். பின்னால் ஒரு ராஜ்யத்தையே ஆண்டவர் அதிகாரத்தின் அரிச்சுவடியைப் படித்தது இந்தப் பாறையடியில்தான். 1772-ல் கணவரைப் போரில் பறிகொடுத்த வேலு நாச்சியார், பக்கத்து விருப்பாட்சியில் தங்கி, அவருடைய உதவியைப் பெற்று, 1780-ல் சிவகங்கையை மீட்டார். 1792 உடன்படிக்கையில் ஊர் கும்பினியார் கைக்குப் போயிற்று. இவ்வளவும் சொன்னேன். சிநேகிதர் மூச்சு வாங்கிக்கொண்டே "ஓகோ" என்றார். சர்ச்சிலுக்கு எங்கள் ஊர்ச் சுருட்டு போன கதைக்குத்தான் முகம் கொஞ்சம் மலர்ந்தது.

உச்சிக் கோயிலுக்குள் எட்டிப் பார்த்தவர், "சுவாமி எங்கே?" என்றார்.

சுவாமி இல்லை. அபிராமியம்மன் கீழே ஊருக்குள் இருக்கிறாள். மேலே வெறும் கருவறை. ஆனாலும் என் தாயார் தினமும் முற்றத்தில் நின்று இந்த மலையைப் பார்த்துத்தான் கும்பிடுவாள். சிறு பையனாக இருந்தபோது, "அங்கேதான் ஒன்றுமே இல்லையே அம்மா?" என்று கேட்டிருக்கிறேன். "வீட்டைப் பூட்டிட்டுப் போனவுக திரும்பி வரமாட்டாகளாடா?" என்றாள்.

பூட்டு என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. தாயார் போன வருஷம் காலமானாள். அவளுடைய மரப்பெட்டியில் உள்ளூர் மாங்காய்ப் பூட்டு ஒன்று தொங்கியது, சாவியைக் காணோம். உடைத்துவிடலாம் என்றார் அண்ணா. கூடாது என்றேன் நான். உள்ளே நகை இருப்பதாக அவருக்கு ஒரு எண்ணம். அதை நான் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறேன் என்று இன்னொரு எண்ணம். பேச்சு தடித்தது. எட்டு மாதமாகப் பேச்சே இல்லை.

மலையிலிருந்து இறங்கியதும் சிநேகிதரிடம் இதைச் சொன்னேன். "பூட்டுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டா சாவிக்குத் திண்டாடுகிறீர்?" என்றார். நியாயமான கேள்வி. அன்று சாயங்காலமே பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நல்லாம்பட்டிப் பக்கம் ஒரு பட்டறைக்குப் போனோம்.

பெரியவர் பூட்டைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். "உடைக்கிறதுன்னா அரை நிமிசம் தம்பி. சாவி செய்யணும்னா ரெண்டு நாளாகும். எது வேணும்?"

"சாவி," என்றேன்.

உள்ளே இருக்கும் நெம்புகளைக் கையால் ராவி ராவிப் பொருத்துவதால் ஒரு பூட்டின் சாவி இன்னொன்றுக்குச் சேராது என்று விளக்கினார். இதற்கு 2019-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்களே என்று என் புலமையைக் காட்டினேன். "குடுத்தாக, குடுத்தாக" என்றார். அவர் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். பட்டறையில் இரண்டாவது ஆள் கிடையாது. விலை குறைந்த அலிகார்ப் பூட்டு கடைகளை நிரப்பிவிட்டது. சிநேகிதர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர் அரம் போடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி கொடைக்கானல் பஸ் போயே போய்விட்டது. அவர் அதைப் பற்றிக் கேட்கக்கூட இல்லை.

மூன்றாம் நாள் சாவி வந்தது. பெரியவர் ஒரு தடவை திருப்பிக் காட்டிவிட்டு, மறுபடியும் பூட்டிக் கொடுத்தார். அண்ணாவுக்குக் கடிதம் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் பதில் எழுதியிருக்கிறார். சாவி என் மேஜை டிராயரில் இருக்கிறது. பெட்டியை நான் இன்னும் திறக்கவில்லை.