கீழ்ச்சுரத்தின் உறுமல்

இசைக் கச்சேரி கேட்டு வீடு திரும்புவோர் பாடகரின் குரல்வளத்தைப் புகழ்வர். வயலின்காரரின் விரல் வேகத்தை மெச்சுவர். மேடையின் பின்புறத்தே நின்று பேஸ் கிற்றாரை மீட்டியவரைப் பற்றி ஒரு சொல்லும் பிறப்பதில்லை. ஆயினும், அந்த வாத்தியம் நடுவில் ஓய்ந்துவிட்டாற் பாட்டு முழுவதும் நிலை தளர்ந்துவிடும். தாங்கி நிற்பது கண்ணிற் படுவதில்லை. இசைக்கு மட்டும் உரிய விதியன்று இது என்பதை வாசகர் அறிவர்.

இதுபற்றி என்னைச் சிந்திக்க வைத்தவன் என் பழைய மாணவன் ஒருவன். பகலில் வாகனம் திருத்தும் கராஜில் வேலை செய்கிறான். இரவில், திருமண வீடு, கோயில் திருவிழா என்று இசைக்குழுவொன்றோடு ஊர் ஊராகச் செல்கிறான். பேஸ் கிற்றார் அவனுடைய வாத்தியம். "சேர், என்ரை பெட்டியிலை சத்தம் வருது. ஆனா உறுமுதில்லை" என்றான் ஒருநாள். பெட்டி என்று அவன் சொன்னது அம்பிளிபயரை. பழைய அமெரிக்க, ஆங்கில ஒலிப்பதிவுகளிலே பேஸ் கிற்றார் அடித்தொண்டையில் உறுமுவதை அவன் கேட்டிருக்கிறான். அந்த ஓசையைத் தரும் பெட்டியைத் தேடி அலைந்துகொண்டிருந்தான். அதற்காக மனைவியின் காப்பை அடகு வைக்கவும் ஆயத்தமாக இருந்தான்.

நான் தமிழ் படித்தவன். மின்னியலில் எனக்குப் பயிற்சியில்லை. ஆனால், 'உறுமல்' என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. தோலின்மேல் வளைந்த கோலைத் தேய்த்து ஓசை எழுப்பும் உறுமி என்ற கருவி தமிழரிடம் உண்டு. மற்றைப் பறைகள் அடிபட்டு முழங்குவன. உறுமியோ உராய்வினால் ஒலிப்பது. அம்பிளிபயரின் உறுமலுக்கும் அத்தகைய ஒரு காரணம் இருக்கவேண்டும் என்று எனக்குப் பட்டது. தேடிப் படித்தேன்.

மின்சாரப் பேஸ் கிற்றார் வயதில் இளையது. அதற்கு முன்னர் ஆளுயரப் பேஸ் வாத்தியத்தைச் சுமந்து திரிந்த கலைஞர், ஏனைய வாத்தியங்களின் முழக்கத்தில் தம் ஓசை அமிழ்ந்துபோவதைக் கண்டு வருந்தினர். 1940களில் எவரெற் ஹல் என்ற அமெரிக்க பேஸ் கலைஞர், அவ்வாத்தியத்தை நிலத்தில் ஊன்றும் முளைக்குள்ளே மைக் ஒன்றைப் பொருத்தினார். அவர் நிறுவிய கம்பனியின் பெயரான 'அம்பெக்', முளையைக் குறிக்கும் 'பெக்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தன்னுள் கொண்டது. 1951இல் லியோ பெண்டர் கலிபோர்ணியாவிலே மின்சாரப் பேஸ் கிற்றாரைச் சந்தைக்குக் கொணர்ந்தார். 1960இல் அம்பெக்கின் போட்டாபிளெக்ஸ் பி-15 வெளிவந்தது. வால்வுகளில் இயங்கிய அப்பெட்டிக்கு 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. ஆற்றல் ஏறத்தாழ 25 உவாற்று.

ஹல் விரும்பியது தூய ஓசையையே. ரொக் அன் ரோல் இசையை அவர் வெறுத்தார். பெட்டியை அதன் எல்லைக்கு மேல் முடுக்கும்போது எழும் கரகரப்பு அவர் செவிக்குப் பழுதாகவே பட்டது. 1967இல் கம்பனி கைமாறியது. 1969இல் அதே கம்பனி எஸ்.வி.ரி. என்ற இயந்திரத்தை வெளியிட்டது: 14 வால்வுகள், 300 உவாற்று ஆற்றல், எட்டுப் பத்தங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட அலுமாரி போன்ற பெட்டி. அவ்வாண்டு ரோலிங் ஸ்ரோன்ஸ் குழுவினர் தமது அமெரிக்கப் பயணத்தில் அதன் முன்மாதிரிகளைப் பயன்படுத்தினர். உறுமும் பேஸ் ஓசையென்றால் இன்றும் பலர் முதலில் நினைப்பது அந்தப் பெட்டியைத்தான். தொழில்நுட்பர் குறையென்று ஒதுக்கியதைக் கலைஞர் குணமென்று ஏற்றுக்கொண்டனர்.

குறை குணமானதற்குக் காரணம் உண்டு. பேஸ் கிற்றாரின் மிகத் தடித்த தந்தி செக்கனுக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கின்றது. இத்துணைத் தாழ்ந்த ஓசையைச் சிறிய ஸ்பீக்கர்கள் எழுப்பமாட்டா. மனிதச் செவியும் அதனை மங்கலாகவே உணரும். வால்வினால் இயன்ற அளவுக்கு மேல் அதனிடம் ஆற்றல் கேட்கப்படும்போது, ஓசையலையின் உச்சி மழுங்குகின்றது. அம்மழுங்கலினாலே 82, 123, 164 என்றவாறு அதன் மடங்குகளான மேற்றொனிகள் வலுப்பெறுகின்றன. அவற்றைக் கேட்ட செவி, அடியிலுள்ள தாழ்ந்த ஓசையைத் தானே ஊகித்து நிரப்பிக்கொள்கின்றது. உறுமும் பேஸ் கூட்டத்தின் நடுவிலும் கேட்பது இதனாலேதான். பணிந்து ஒலிக்கும் தாழ்ந்த குரல் கேட்கப்படுவதில்லை. அது உறுமும்போதுதான் அங்கே ஒருவர் இருக்கிறார் என்பது பிறருக்குத் தெரிகின்றது.

ஆனால், உறுமினவர் பெயரையும் உலகம் உடனே கேட்டறிந்ததா? ஜேம்ஸ் ஜேமர்சன் என்ற கறுப்பினக் கலைஞரின் வரலாறு இதற்கு விடை கூறும். 1936இல் தென் கரோலினாவிற் பிறந்து, 1954இல் மோட்டார்த் தொழில் நகரான டெற்றோயிற்றுக்குக் குடிபெயர்ந்தவர் அவர். 1960களில் மோட்டவுண் கம்பனி வெளியிட்ட வெற்றிப் பாடல்கள் பலவற்றின் அத்திவாரம் அவருடைய பேஸ் கிற்றார். வலக்கையின் சுட்டுவிரல் ஒன்றினாலேயே மீட்டினார். தந்திகளை மாற்றுவதை விரும்பவில்லை. இரவு விடுதிகளில் பி-15 அவருக்குத் துணை நின்றது. ஒலிப்பதிவுக் கூடத்திலோ, அவருடைய கிற்றார் பெரும்பாலும் நேரே பதிவுப் பலகையோடு இணைக்கப்பட்டது. அவ்வோசையின் புகழுக்கு எந்த அம்பிளிபயரும் முழு உரிமை கோர முடியாது.

கோடிக்கணக்கானோர் அந்த ஓசைக்கு ஆடினர். அவர் பெயரை அறிந்தோர் மிகச் சிலர். கம்பனியின் இசைத்தட்டு உறைகளில் பக்கவாத்தியக் கலைஞர் பெயர் அந்நாளில் இடம்பெறாமலே இருந்தது. 1971இல் மாவின் கேயின் 'வட்ஸ் கோயிங் ஒன்' வெளிவந்தபோதே ஜேமர்சனின் பெயர் உறையில் ஏறியது. அவர் 1983இல் மறைந்தார். ரொக் அன் ரோல் புகழ் மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2000ஆம் ஆண்டில். உழைப்பு விற்கப்பட்டது, உழைத்தவன் பெயர் மறைக்கப்பட்டது. கலைத்துறையும் இதற்கு விலக்கன்று.

இவ்வளவும் படித்தபின், மாணவனோடு நகரிலுள்ள திருத்துனர் ஒருவரிடம் சென்றேன். எழுபது வயதைக் கடந்தவர். 1990இல் யாழ்ப்பாணம் மின்சாரத்தை இழந்தபின், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி மக்கள் வானொலி கேட்ட காலத்தில், எத்தனையோ வீடுகளுக்கு அந்த வசதியைச் செய்து கொடுத்த கைகள் அவருடையவை. வெளிநாட்டு வால்வு அம்பிளிபயரின் விலையை விசாரித்தோம். 2022இல் ரூபா வீழ்ந்தபின் அது என் மாணவனின் பல மாத உழைப்புக்கு ஈடாகியிருந்தது. பெரியவர் சிரித்தார். "தம்பி, பெட்டியைச் சொகுசா வைச்சிருந்தா அது ஏன் உறுமப்போகுது? ஏலாத அளவுக்கு வேலை குடுத்தாத்தான் உறுமும்" என்றார்.

பழைய வானொலிகளிலிருந்து கழற்றிய உறுப்புகளைக் கொண்டு, ட்ரான்சிஸ்ரர் ஒன்றும் டயோட்டு இரண்டும் சேர்ந்த சிறு சுற்றொன்றை அவர் அமைத்துக் கொடுத்தார். வால்வு செய்யும் மழுங்கலை அந்த டயோட்டுகள் ஓரளவு செய்யும். அடியோசையைச் சற்றே குறைத்து நடுவோசையைக் கூட்டச் சொன்னார். தந்தியை அதன் அடிமுனைக்கு அண்மையில் அழுத்தி மீட்டச் சொன்னார். அன்று மாலையே அவனுடைய பழைய பெட்டி உறுமியது. பதினான்கு வால்வுகளின் உறுமலுக்கு அது ஈடாகாது. ஆயினும் அவன் முகம் மலர்ந்தது. காப்பு அடகுக் கடைக்குப் போகவில்லை.

ஏழைக் கலைஞனுக்கு இதுவே போதும் என்று நான் வாதிடவில்லை. நல்ல கருவி அவனுக்கும் உரியது. கைத்திறனைப் புகழ்ந்து அவ்வுரிமையை மறுப்பது வசதி படைத்தோர் வழக்கம். நான் கூற விரும்புவது வேறு. பெட்டியின் பெயரை நாம் மனப்பாடமாக அறிவோம். அதனை உறுமவைத்தவனின் பெயரை அறியோம். மாணவனின் குழு விளம்பரத்திலும் பாடகர் பெயர்கள் மட்டுமே உள்ளன.

எங்கள் பாடசாலைக் கலைவிழாவின் நிகழ்ச்சிநிரலைத் தயாரிக்கும் பொறுப்பு என்னுடையது. இவ்வாண்டு அதில் பாடிய பிள்ளைகளின் பெயரோடு, மிருதங்கம், ஓர்கன், தாளம், பேஸ் கிற்றார் வாசித்தவர்கள் பெயரும், திரை இழுத்தவன் பெயரும் அச்சாயின. ஒரு பக்கம் கூடிற்று. அச்சுக்கூலியும் சற்றுக் கூடிற்று. ஆசிரிய நண்பர்களே, அந்த ஒரு பக்கத்தை நம் பாடசாலைகள் எல்லாவற்றிலும் நாம் கேட்டுப் பெறவேண்டும்.