முகமும் ஒளியும்

ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிற்சாலைகளில் தரம் பிரிப்போர், தோலில் சிறு வடுவைக் கண்டாலும் விலையைக் குறைப்பர். அவ்வளவுகோலை நம் பிள்ளைகளின் முகத்திற்கும் வைக்கலாமா?

முகப்பருவுக்கு ஒளிச் சிகிச்சை பெற்ற மாணவ மாணவியர் சிலரிடம் உரையாடினோம். ஒளி மருந்தாவது புதிதன்று. தோல் காசநோயை ஒளியால் தணித்த டென்மார்க்கு மருத்துவர் பின்சன் 1903இல் நோபல் பரிசு பெற்றார். இன்று நீல ஒளி, பருக்கிருமி உண்டாக்கும் போர்பைரின் என்னும் பொருளைத் தூண்டி, அக்கிருமியையே அழிக்கிறது. ஆயினும், பலமுறை செல்லவேண்டும். சிலருக்குத் தோல் சிவந்து வறளும். நிறுத்தியபின் பரு மீள்வதும் உண்டு.

சிகிச்சையினும் தங்களை வருத்தியது, “முகத்தில் என்ன?” என்னும் உறவினர் வினாவே என்றனர் அவர்கள். தோல் மருத்துவரை நாடுக என இளையோர்க்கு உரைப்போம். அவ்வினாவைத் தவிர்த்திடுக எனப் பெரியோரை வேண்டுவோம். தரம் பிரித்தல் தொழிற்சாலையோடு நிற்கட்டும்.